கணிப்பொறியும் கணக்கனும்

தமிழ் பயிலும் மாணவனுக்குக் கணிப்பொறியோடு என்ன உறவு என்று வினவுவார் உளர். அதனை ஆக்கவும் இயக்கவும் கற்பவர் விஞ்ஞான வகுப்பினர். அதனால் நாட்டுக்கு விளையும் இலாப நட்டங்களை ஆராய்பவர் பொருளாதார வகுப்பினர். ஏட்டுத் தமிழில் மூழ்கியிருப்போர் அதனைக் குறித்து உரைக்கத்தக்கது யாதுளது என்பது அவர்தம் கருத்து. ஆயினும், அலுவலகங்களிற் கணிப்பொறி செய்யும் தொழிலை உற்று நோக்கின், அது பெரும்பான்மையும் எழுதுதலும், எழுதியதைக் காத்தலும், வேண்டியபோது எடுத்துக் கொடுத்தலுமேயாம் என்பது புலனாகும். பண்டு ஓலையும் எழுத்தாணியும் செய்த தொழிலும் இதுவே. எழுதப்பட்டதை எவ்வளவு நம்பலாம், பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு என்னும் வினாக்கள், பாடபேதம் ஆராய்ந்து பழகிய தமிழ் மாணவனுக்குப் புதியன அல்ல. அவ்வினாக்களை இக்காலத்துத் தொழிலிடங்களில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யந்திரத்தால் விளைந்த நன்மைகளை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். நம் நாட்டு ரயில்வேயையே எடுத்துக்கொள்வோம். முற்காலத்தில் இடம் பதிவு செய்ய விரும்பிய பிரயாணி, குறித்த வண்டிக்குரிய பேரேடு எந்த ஜன்னலில் இருந்ததோ அதன் முன்னரே நிற்றல் வேண்டும். வேற்றூரிலிருந்து திரும்பி வருவதற்கு இடம் வேண்டின், அவ்வூருக்குத் தந்தி அனுப்பி விடைக்குக் காத்திருத்தல் வேண்டும். 1985-86-இல் டில்லியிற் கணிப்பொறி வழியான முன்பதிவு தொடங்கிற்று. பின்னர்ப் பிற நகரங்களுக்கும் பரவிற்று. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இணைய வழியாக இல்லத்திலிருந்தே சீட்டுப் பெறும் வசதியும் உண்டாயிற்று. நேரம் மிஞ்சியது மட்டுமன்று. பேரேட்டைக் கையில் வைத்திருந்தவர் தமக்கு வேண்டியவர்க்கு இடம் ஒதுக்கும் வாய்ப்பும் குறுகிற்று.

கிராமக் கணக்கின் வரலாறும் அத்தகையதே. நிலம் யாருடையது, விளைந்தது யாது, தீர்வை எவ்வளவு என்பன எல்லாம் கர்ணத்தின் ஏட்டில் அடங்கியிருந்தன. எழுத்தறியாக் குடியானவன் அவர் வாய்ச்சொல்லையே ஏடாகக் கொண்டான். 1980-இல் தமிழ்நாட்டிற் பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டன. இன்று பட்டா, சிட்டா விவரங்களை நிலமுடையார் இணையத்திற் காணலாம். ஆதலின், பழைய ஏட்டுக்காலம் பொற்காலம் என்று கூற நாம் முற்படவில்லை. மனிதன் எழுதிய கணக்கிற் பிழையும் உண்டு, வஞ்சமும் உண்டு.

நிற்க. வேகம் கூடியதையும் ஆள் குறைந்ததையும் யாவரும் காண்கின்றனர். அவற்றினும் ஆழமான மாறுதல் ஒன்று உண்டு; அதனைக் காண்பார் சிலரே. பழைய குமாஸ்தா தன் பேரேட்டைத் தன் கையாலேயே எழுதினான். அடித்தல் திருத்தல் செய்ய நேரின், பழைய எண் தெரியுமாறு ஒரு கோடிட்டு, புதிய எண்ணை எழுதி, பக்கத்திற் கைச்சாத்திட்டான். மேலதிகாரி வினவினால், ஏட்டைப் புரட்டிக் காட்டி விடை கூறினான். அவன் எழுத்து அவனுக்கே சாட்சியாயிற்று. இக்காலத்து ஊழியனோ விசைப்பலகையிற் சில எண்களைத் தட்டுகிறான். அவ்வெண்கள் கம்பி வழியே சென்று, அவன் ஒருபோதும் கண்டிராத ஓர் இடத்தில், அவன் ஒருபோதும் படித்திராத விதிகளின்படி கூட்டப்பட்டும் கழிக்கப்பட்டும் சேமிக்கப்படுகின்றன. முடிவாகிய தொகை மட்டும் அவன்முன் தோன்றுகிறது. எழுதுகோல் அவன் கையில் இல்லை. கையொப்பமோ இன்றும் அவனுடையதே. இந்த முரண்பாட்டை ஆராயாமல் விட்டால் எத்தகைய கேடு விளையும் என்பதற்குப் பிரிட்டனில் நிகழ்ந்த தபால் நிலைய வழக்குகள் தக்க சான்றாகும். அவற்றைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

பிரிட்டனிற் சிற்றூர்களிலுள்ள தபால் நிலையங்கள் பலவற்றைச் சப் போஸ்ட்மாஸ்டர்கள் நடத்துகின்றனர். இவர்கள் சம்பள உத்தியோகஸ்தர் அல்லர். தபால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பெரும்பாலும் தம் மளிகைக் கடையின் ஒரு பகுதியிலேயே தபால் அலுவலையும் கவனித்து வருவோர். முதியோர் உதவிப்பணம் தருதல், தபால்தலை விற்றல், சேமிப்புப் பணம் வாங்குதல் முதலியன இவர்கள் கடமை. தம் கவனக்குறைவாலோ தவற்றாலோ நேரும் நட்டத்தை இவர்களே ஈடுசெய்தல் வேண்டும் என்பது ஒப்பந்தம். 1999-ஆம் ஆண்டு முதல் இந்நிலையங்களில் ‘ஹொரைஸன்’ என்னும் கணிப்பொறி முறை புகுத்தப்பட்டது. ஜப்பானிய ‘ஃபியூஜித்ஸு’ நிறுவனத்தைச் சார்ந்த ஒரு கம்பெனி அதனை அமைத்துக் கொடுத்தது.

சில காலத்துள் பல நிலையங்களிற் கணக்கில் துண்டு விழலாயிற்று. பெட்டியிலுள்ள ரொக்கம் ஒன்றாகவும், யந்திரம் இருக்கவேண்டும் என்று காட்டிய தொகை அதனினும் மிகுதியாகவும் இருந்தன. சப் போஸ்ட்மாஸ்டர் உதவி கோரித் தொலைபேசியில் அழைத்தால், பணத்தைக் கட்டுக என்பதே பெரும்பாலும் விடையாயிற்று. ‘இத்தகைய தொல்லை உமக்கு மட்டுமே நேர்ந்துள்ளது’ என்று கூறப்பட்டதாகப் பலர் பின்னர்ச் சாட்சியம் அளித்துள்ளனர். யந்திரத்தின் திரையிலும் அவர்களுக்குப் புகல் இல்லை. குறைந்த தொகையை ரொக்கமாகச் செலுத்தவும், பின்னர்த் தீர்ப்பதாக ஏற்றுக்கொள்ளவும் அதில் வழியிருந்தது. ‘இக்கணக்கை நான் ஏற்கவில்லை’ என்று பதிவதற்கு வழியே இல்லை. கணக்கு ஒத்ததாக ஒப்புக்கொண்டாலன்றி அடுத்த கணக்குக் காலத்தைத் தொடங்கவும் இயலாது. மறுப்பைப் பதியும் ஓர் இடம் இல்லாத ஏட்டை நம் முன்னோர் ஏடென்றே ஏற்றிருக்கமாட்டார்.

ஹாம்ப்ஷயர்ப் பகுதியிலுள்ள சௌத் வார்ன்பரோ என்னும் சிற்றூரில் தபால் நிலையம் நடத்திய ஜோ ஹாமில்டன் அம்மையாரின் கதை பலர் கதைக்கும் எடுத்துக்காட்டாகும். தொலைபேசியிற் கூறியவாறே அவர் செய்துகொண்டிருந்தபோது, துண்டு விழுந்த தொகை அவர் கண்முன்னரே இரட்டித்தது. நாளடைவில் அது 36,000 பவுண்டாக வளர்ந்தது; திருட்டுக் குற்றமும் சாட்டப்பட்டது. சிறைக்கு அஞ்சிய அவர், பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டால் திருட்டுக் குற்றச்சாட்டு விலக்கப்படும் என்ற நிலையில், அவ்வாறே ஒப்புக்கொண்டார். வீட்டை அடமானம் வைத்தும், ஊரார் திரட்டித் தந்த பொருளைக் கொண்டும் தொகையைச் செலுத்தினார். பிரிட்லிங்டன் என்னும் கடற்கரை ஊரில் நிலையம் நடத்திய லீ காசில்டன் என்பார், சுமார் 25,000 பவுண்டுக்காக நியாயஸ்தலத்தில் எதிர்த்து வாதாடினார். அவர் உதவித் தொலைபேசியை 91 முறை அழைத்திருந்தார். எனினும் 2007-இல் வழக்குத் தோற்றது. எதிர்க்கட்சியின் செலவாக 3,00,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகை அவர்மேல் விழ, அவர் பாப்பரானார். சர்ரேயிலிருந்த சீமா மிஸ்ரா என்னும் அம்மையார் 2010-இல் கருவுற்றிருந்த நிலையில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1999 முதல் 2015 வரை இவ்வாறு குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டோர் 900-க்கு மேற்பட்டவர். அவர்களுட் பெரும்பாலோர்மீது வழக்குத் தொடுத்தது தபால் நிறுவனமே. பணம் கேட்ட கையும், துப்பறிந்த கையும், கூண்டில் ஏற்றிய கையும் ஒன்றாகவே இருந்தன.

உண்மை யாதெனில், பிழை யந்திரத்தில் இருந்தது. ஒரு சான்று கூறுவோம். 2015-இல் ஸ்காட்லாந்திலுள்ள டால்மெல்லிங்டனில், வேறு நிலையத்தினின்று வந்த 8,000 பவுண்டைப் பெற்றுக்கொண்டதாகப் பதியும்போது, திரை அசையாது நின்றது. ஊழியர் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தமும் ஒரு தனி வரவாக உள்ளே பதிவாயிற்று. ஒருமுறை பெற்ற தொகை நான்குமுறை எழுதப்பட்டு, 24,000 பவுண்டு துண்டு விழுந்ததாகக் கணக்கு காட்டிற்று. இத்தகைய பிழைகள் பலவாகும். அன்றியும், ஃபியூஜித்ஸு ஊழியர் தொலைவிலிருந்தே ஒரு கிளையின் கணக்கில் மாறுதல் செய்ய இயலும் என்பதும் பின்னர் உறுதியாயிற்று. தபால் நிறுவனமோ நெடுங்காலம் அதனை மறுத்து வந்தது. பிறன் கை நுழையக்கூடிய பேரேட்டுக்கு ஒருவனை முழுப் பொறுப்பாளனாக்கி, அவனைத் திருடன் என்று கூறுதல் எங்ஙனம் நீதியாகும்?

இவ்வநீதி வெளிப்பட்டது யந்திரத்தாலன்று, மனிதரின் விடாமுயற்சியால். வேல்ஸ் நாட்டு லாண்டட்னோவில் நிலையம் நடத்தி, 2003-இல் ஒப்பந்தம் இழந்த ஆலன் பேட்ஸ் என்பார், தம்மைப் போன்றோரைத் தேடித் தேடி ஒன்று சேர்த்தார். தொல்லை ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று என்னும் உண்மை அவர்கள் ஒருங்கு கூடியபோதே விளங்கிற்று. 2019-இல் 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், யந்திரத்திற் பிழைகள் இருந்தன என்று நியாயாதிபதி பிரேசர் தீர்த்தார். அதனை மறுத்து நிற்பது உலகம் தட்டையானது என்று சாதிப்பதை ஒக்கும் என்பது அவர் கருத்து. 2021-இல் மேல் நியாயஸ்தலம் 39 பேரின் தண்டனையை நீக்கிற்று. 2024 மே மாதத்திற் பார்லிமெண்டு ஒரு சட்டத்தாலேயே எஞ்சிய பலரையும் குற்றமற்றவராக்கிற்று. 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கையின் முதற் பகுதி, இத்துயரால் 13 பேரேனும் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று கூறுகின்றது. சட்டம் குற்றத்தை நீக்கலாம். அவர்களை மீட்க எச்சட்டத்தாலும் ஆகாது.

அறிவிற் சிறந்த ஒரு நாட்டில், நியாயஸ்தலங்கள் பல இருந்தும், இஃது எவ்வாறு நிகழ்ந்தது? காரணங்களுள் ஒன்று சட்டத்திலேயே இருந்தது. கணிப்பொறியிலிருந்து எடுத்த கணக்கைச் சான்றாகக் காட்டுவோர், அப்பொறி செவ்வனே இயங்கியது என்று மெய்ப்பித்தல் வேண்டும் என 1984-ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்திருந்தது. அது வீண் தொல்லை எனக் கருதப்பட்டு, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன் பின்னர், மாறானது காட்டப்படும்வரை பொறி சரியாகவே இயங்கிற்று என்று கொள்வது வழக்காயிற்று. மாறானதைக் காட்டவேண்டியவரோ, பொறியின் உள்ளே பார்க்க வழியற்ற கடைக்காரர். ஹொரைஸன் நாட்டிற் புகுந்த காலமும், இப்பாதுகாப்பு நீங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றாயின.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும் தமிழ் மாணவனுக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன், கோவலனைக் கொல்வித்தான். அரசவையிற் கண்ணகி செய்தது யாது? அழுதது மட்டுமன்று, தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கப் பரல் என்று கூறி, அதனை எல்லாரும் காண உடைத்துக் காட்டினாள். புறத்தே இரண்டும் ஒத்த சிலம்புகள். அகத்தே ஒன்றில் முத்து, ஒன்றில் மாணிக்கம். உடைத்துப் பார்க்கும் உரிமை அவளுக்குக் கிடைத்தது, கணவன் இறந்த பின்னரே. பிரிட்டனில் நிகழ்ந்ததும் இதுவே. பெரியபுராணத்திலோ இதற்கு மாறான ஒரு காட்சியைக் காண்கிறோம். சுந்தரரை அடிமை என்று முதியவர் ஒருவர் வழக்குரைத்தபோது, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அவர் சொல்லை அவ்வாறே ஏற்றிலர். வழக்கத்தாலோ, ஆவணத்தாலோ, அயலார் சாட்சியாலோ மெய்ப்பிக்குமாறு கேட்டனர். மூல ஓலை காட்டப்பட்ட பின்னரும், சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் எழுத்தை வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பளித்தனர். வழக்குரைத்தவர் இறைவனே என்பது அப்புராணத்தின் கொள்கை. இறைவன் காட்டிய ஓலையையே ஒப்புநோக்காமல் ஏலாத சபையைப் பாடிய நாட்டில், ஒரு கம்பெனி செய்த பொறியின் கணக்கை ஒப்புநோக்காமல் ஏற்றல் தகுமோ?

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையிற் சற்று விழிப்பாகவே உள்ளது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்னும் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, கணிப்பொறிப் பதிவைச் சான்றாகக் காட்டுவோர் அதனோடு ஒரு சான்றிதழையும் தருமாறு விதிக்கின்றது. பொறிக்குப் பொறுப்பானவரும், அத்துறை வல்லுநர் ஒருவரும் அதிற் கையொப்பமிடல் வேண்டும். நல்லதோர் ஏற்பாடு. ஆயினும், அச்சிட்ட தாளில் ஆராயாது கையொப்பமிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. சான்றிதழ் வெறுஞ் சடங்காகிவிடின், சட்டம் ஏட்டில் இருப்பதும் இல்லாமையும் ஒன்றே.

‘ஆயிரம் கணக்கில் ஒன்று பிழைப்பதற்காக யந்திரத்தைக் கைவிடலாமோ? மனிதன் இதனினும் மிகுதியாகத் தவறுவானன்றோ?’ என்று சிலர் வினவுவர். கைவிடுக என்று நாம் கூறவில்லை. மனிதன் மிகுதியாகத் தவறுவான் என்பதும் மெய்யே. ஆனால் மனிதன் தவறுவான் என்பதை அனைவரும் அறிந்திருந்தமையாலேயே, பழைய அலுவலகங்களில் ஒருவன் எழுதியதை மற்றொருவன் சரிபார்த்தான். ஆண்டுதோறும் தணிக்கை நடந்தது. யந்திரம் தவறாது என்னும் எண்ணம் குடிபுகுந்த இடத்தில் சரிபார்த்தல் நின்றுபோகிறது. குறை கூறுபவன் குற்றவாளியாகிறான். பிழையினும் கொடியது, பிழை இராது என்னும் துணிவு.

ஆகவே, கணிப்பொறியைப் பயன்படுத்தும் தொழிலிடங்கள் யாவும் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும் என்பது எம் கருத்து. முதலாவது, எந்தக் கணக்குக்கு ஒருவன் பொறுப்பாக்கப்படுகிறானோ, அக்கணக்கின் ஒவ்வொரு பதிவையும், அது எப்போது எவரால் எழுதப்பட்டது என்பதோடு, அவன் காணும் உரிமை பெறல் வேண்டும். இரண்டாவது, ‘ஏற்கவில்லை’ என்று பதியும் இடம் ஒவ்வொரு திரையிலும் இருத்தல் வேண்டும். அவ்வாறு பதியப்பட்ட முறையீடுகள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு, முறையிட்ட அனைவரும் அறியுமாறு வைக்கப்படல் வேண்டும். தனித்தனியே நின்றவரைக் குற்றவாளிகள் என்று எண்ணுவது எளிது. நூறு பேர் ஒரே குறையைக் கூறினால் யந்திரத்தைத் திறந்து பார்க்கத் தோன்றும். மூன்றாவது, வழக்கென வரின், பொறியை வைத்திருப்பவரே அதன் செம்மையை மெய்ப்பித்தல் வேண்டும்; அதனைத் திறக்க இயலாத ஏழை ஊழியன்மேல் அச்சுமையை ஏற்றலாகாது. திறந்து காட்டாத ஏட்டுக்கு ஒருவனைப் பொறுப்பாளியாக்குதல் அறமன்று.

மாணவ நண்பர்களே, நம்முட் பலர் நாளை பாங்கிகளிலும், கருவூலங்களிலும், மருத்துவமனைகளிலும், தபால் நிலையங்களிலும் அமர்ந்து இத்திரைகளையே நோக்கப் போகிறோம். சிலர் அப்பொறிகளுக்கு விதிகளை எழுதுவோராவர். சிலர் முறையீடு கேட்கும் அதிகாரிகளாவர். நம் மொழியின் செல்வங்களை மீட்டுத் தந்த மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள், 1887-இற் சீவகசிந்தாமணியையும், 1892-இற் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது, கையிற் கிடைத்த ஓரேட்டை நம்பி அமைந்தாரல்லர். ஊரூராகச் சென்று பிற ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எழுதினோர் பிழையைக் களைந்தார். ஏட்டின்மீது அவருக்கிருந்த அன்பு, ஏட்டைச் சோதிப்பதற்குத் தடையாகவில்லை. அந்தப் பழக்கம் தமிழ் வகுப்போடு நின்றுவிடலாகாது. எளியோர் ஒருவர் நம் மேசையின் முன் நின்று, ‘ஐயா, இக்கணக்கு தவறு’ என்று கூறும் நாள் நமக்கு வரும். அன்று, ‘கணிப்பொறி அவ்வாறு காட்டவில்லையே’ என்று சொல்லி அவரை அனுப்பிவிடாமல், இருக்கையை இழுத்து அமரச்செய்து, முதற் பதிவிலிருந்து அவரோடு சேர்ந்து பார்ப்போமாக.